அவள் விழாத மாதங்கள்

கூடலூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மருமகன் நவாஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்மாமில் வெயில் கடுமையாக இருப்பதாகச் செய்தியில் பார்த்தேன். வேலை முடிந்து அறைக்கு வந்து, கை கால் கழுவி, கொஞ்சம் ஓய்ந்த பிறகு இதைப் படித்தால் போதும். அவசரமில்லை. அவசரமில்லை என்று எழுதிவிட்டேன். ஆனால் நீங்கள் விடுப்பில் ஊருக்குப் புறப்படுவதற்கு முன் படித்துவிட வேண்டும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்கள் எடுத்ததும், "நல்லா இருக்கீகளா மாப்ள, அங்கன மழையா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். தம்மாமில் மழையா என்று கேட்ட ஆளைப் பற்றி என்ன நினைத்தீர்களோ தெரியவில்லை. எனக்குப் பேச்சு வராது. எழுதினால் ஓரளவு வரும். எங்கள் தெரு கனி இந்த வாரக் கடைசியில் தம்மாம் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டித்தான் கொடுப்பேன்.

இந்த முறை வரும்போது கம்பம் ஜமாஅத்தில் உங்கள் முடிவைச் சொல்லப் போவதாக உங்கள் தாயார் சொல்லி அனுப்பினார்கள். என்ன முடிவு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது தலாக் என்றே எடுத்துக்கொண்டேன். அதற்கு முன் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியவற்றைக் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. என் மகள் ருக்சானாவுக்கு இருப்பது ஒரு நோய் என்பது.
2. மதுரையில் அவள் மூளையைப் பரிசோதித்தபோது நான் பார்த்தது.
3. நீங்கள் பேசும்போது அவள் தூங்கிவிடுகிறாள் என்ற உங்கள் குறை.
4. நீங்கள் வேடிக்கை பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்ற உங்கள் குறையும், உங்கள் தம்பி கல்யாணத்தில் நடந்ததும்.
5. என் வீட்டுக்கு வந்த பிறகு அவள் தேறிவருகிறாள் என்பது.
6. என் வேண்டுகோள்.

முதலாவது. நோயின் பெயர் நார்கோலெப்ஸி. இது சோம்பலும் இல்லை, மனக்கோளாறும் இல்லை. உங்கள் வீட்டில் சிலர் சொன்னது போல வேறு எதுவும் பிடித்திருக்கவும் இல்லை. மனிதனை விழிப்பில் நிறுத்திவைக்க மூளையின் அடிப்பகுதியில் ஒரு வேதிப்பொருள் சுரக்கிறதாம். அதைச் சுரக்கும் உயிரணுக்கள் ருக்சானாவுக்கு எப்போதோ அழிந்துவிட்டன. ஏன் அழிகின்றன என்று முழுவதும் தெரியவில்லை என்று மதுரை டாக்டரம்மா சொன்னார்கள். தெரியவில்லை என்று ஒரு டாக்டர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு ஏனோ நம்பிக்கை வந்தது.

அந்தப் பொருள் இல்லாததால் தூக்கமும் விழிப்பும் அவளுக்குத் தனித்தனியாக நிற்பதில்லை. பகலில் தூக்கம் வந்து தள்ளும். இரவில் தூக்கம் கலைந்து கலைந்து வரும். கனவு விழிப்புக்குள் நுழைந்துவிடும். இன்னொன்றும் உண்டு; அதை நான்காவது கூறில் எழுதுகிறேன்.

இரண்டாவது. மதுரைக்கு என்னோடு மின்நிலையத்தில் வேலை பார்த்த ஈஸ்வரபாண்டிதான் தன் காரில் அழைத்துப்போனார். எனக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் எந்த வாசல் என்றே தெரியாது. அவர் எங்களை உள்ளே அனுப்பிவிட்டு வெளி நாற்காலியில் உட்கார்ந்தவர், வாயைத் திறந்து குறட்டைவிட்டுத் தூங்கிவிட்டார். பதிவேட்டோடு வந்த நர்ஸ் எங்களைத் தாண்டிப்போய் அவரைத் தட்டி எழுப்பி, "தூக்க டெஸ்ட்டுக்கு வந்த பேஷண்ட் நீங்கதானே" என்று கேட்டார். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், பேஷண்ட் அங்கன உக்காந்துருக்கு" என்றார். கூடலூர் வந்து சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

இரவு முழுவதும் தூங்கவைத்துப் பார்த்தார்கள். மறுநாள் பகலிலும் விட்டு விட்டுத் தூங்கச் சொன்னார்கள். அதன் பிறகு, அங்கே ஓர் ஆய்வு நடப்பதாகவும், சம்மதமானால் கவனத்தைச் சோதிக்கும் ஒரு டெஸ்ட் செய்யலாம் என்றும் டாக்டரம்மா கேட்டார்கள். ருக்சானா உடனே சரி என்றாள். நான்தான் தயங்கினேன்.

தலை முழுக்கச் சிறு வில்லைகளை ஒட்டி, வயர்களை ஒரு பெட்டியில் செருகினார்கள். ஒட்டியவர் யுவராணி என்ற டெக்னீஷியன். காமயகவுண்டன்பட்டிக்காரப் பெண். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இதுக்கு எர்த் எங்கம்மா கொடுத்திருக்கு என்று கேட்டுவிட்டேன். "நெத்தியில சார். நீங்க ஈ.பி.யா" என்று சிரித்தார். அதற்குப் பிறகு கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், கம்ப்யூட்டர் திரைக்கு அருகில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்.

காதில் ஒலி வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் ஒரே மாதிரியான தாழ்ந்த ஒலி. எப்போதாவது ஓர் உயர்ந்த ஒலி. உயர்ந்ததைக் கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். லோயர் கேம்ப் கண்ட்ரோல் ரூமில் என் உத்தியோகமும் ஏறக்குறைய அதுவே. ஒரே மாதிரியாக நிற்கும் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்து, அது அசைந்தால் உடனே கவனிப்பது. அதனால் அந்த வேலை எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

உயர்ந்த ஒலி வரும்போது எல்லோர் மூளையிலும் ஓர் அலை எழுமாம். அவளுக்கும் எழுந்தது. ஆனால் குட்டையாக, சற்றுப் பிந்தி எழுந்தது. பெரும்பாலும் சரியாகவே அழுத்தினாள். தவறவிட்ட இடங்களில், அதற்குச் சற்று முன் திரையில் தூக்கத்துக்குரிய மெதுவான அலைகள் வந்து போயிருந்தன. அப்போதும் அவள் கண் திறந்தே இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை போல உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். தவறாகவும் இருக்கலாம்; இரண்டு முறை விளக்கம் கேட்டேன், மூன்றாம் முறை கேட்கக் கூச்சமாகிவிட்டது. ஒரு மின்நிலையம் தான் உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் கொஞ்சத்தைத் தன் சொந்தப் பம்புக்கும் விளக்குக்கும் எடுத்துக்கொள்ளும். அதை ஆக்ஸிலரி என்போம். மீதிதான் ஊருக்குப் போகும். நமக்கெல்லாம் விழித்திருக்க ஆகும் ஆக்ஸிலரி மிகக் குறைவு, கணக்கில்கூட வராது. ருக்சானாவுக்கு உற்பத்தியில் பெரும்பகுதி விழித்திருக்கவே போய்விடுகிறது. மிஞ்சுவதைக்கொண்டு அவள் சமைக்கவும், கணக்குப் பார்க்கவும், பேச்சைக் கேட்கவும் வேண்டும். விளக்கு மங்கினால் ஊரார் நிலையத்தைத் திட்டுவார்கள். உள்ளே மிஷின் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

திங்கள்.

மூன்றாவது. போன விடுப்பில் நீங்கள் உங்கள் கஷ்டங்களையெல்லாம் சொல்லச் சொல்ல அவள் தூங்கிவிட்டாள் என்று மனம் நொந்து சொன்னீர்கள். இப்போது அவளிடம் கேட்டேன், அவர் என்னம்மா சொன்னார் என்று. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். உங்கள் கம்பெனியில் மேனேஜர் மாறியது, ஓவர்டைமை நிறுத்தியது, உங்கள் அறையில் தங்கியிருந்த திரூர்க்காரர் தன் தகப்பனார் மௌத்தாகியும் அடக்கத்துக்குப் போக முடியாமல் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தது, ஏர்போர்ட்டில் அவளை விட்டுப் பிரிந்த பிறகு நீங்கள் பாத்ரூமுக்குள் போய் அழுதது. "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் அத்தா கெடந்தேன். கண்ணுதான் மூடிக்கிச்சு" என்றாள்.

நான் எதையும் மறைக்கக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். உங்கள் அறைக்குள் ஓர் ஆடு கட்டியிருந்ததாகவும் நீங்கள் சொன்னீர்கள் என்கிறாள். அது கனவில் வந்த ஆடாக இருக்கலாம். ஒருவேளை உண்மையாகவே இருந்திருந்தால் தெரிவிக்கவும். அவளிடம் சொல்ல வேண்டும்.

நான்காவது. இதை எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது. கணவன் மனைவிக்கு இடையிலுள்ளது. மாமனார் எழுதத் தக்கதல்ல. ஆனால் எழுத வேறு ஆளில்லை. ருக்சானாவின் அம்மா இருந்திருந்தால் இரண்டு வார்த்தையில் முடித்திருப்பாள்.

நாம் கனவு காணும்போது எழுந்து ஓடிவிடாதபடி உடம்பு நம் கை கால்களைக் கட்டிப்போடுகிறதாம். ருக்சானாவுக்கு அந்தக் கட்டு விழித்திருக்கும்போதே வந்து விழுகிறது. எப்போது என்றால், சிரிப்பு வரும்போது. சும்மா ஒப்புக்குச் சிரிக்கிற சிரிப்புக்கு வராது. மனம் விட்டு, வேண்டியவர்களோடு சிரிக்கும்போதுதான் வரும். முதலில் தாடை தளரும், பிறகு கழுத்து, பிறகு முழங்கால். விழுந்துவிடுவாள். ஆனால் நினைவு தப்பாது. சுற்றி நிற்பவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழும். பதில் சொல்லத்தான் முடியாது. கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்துவிடுவாள்.

குமுளி பஸ் கண்டக்டர் பாதி மலையாளத்தில் சில்லறை கேட்பதையும், ஏலக்காய் வியாபாரி விலை பேசுவதையும் நீங்கள் பேசிக்காட்டினால் கம்பத்தில் சிரிக்காத ஆளில்லை. உங்கள் மனைவி மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். எல்லோர் முன்னாலும் அது உங்களுக்கு எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவுக வாயத் தொறக்கப் போறாகன்னு தெரிஞ்சாலே நான் அம்மா மையத்தாக் கெடந்தத நெனச்சுக்கிருவேன் அத்தா. நகத்த உள்ளங்கையில அழுத்திக்கிருவேன். அப்பத்தான் நிக்க முடியும்." இது நோய் என்று அவளுக்கே அப்போது தெரியாது. தனக்கு மட்டும் உள்ள ஏதோ அசிங்கம் என்று நினைத்து மறைத்திருக்கிறாள்.

உங்கள் தம்பி கல்யாணத்தன்று அவள் தாளிச்சா வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் வந்தபோது, நீங்கள் தூணுக்கு அந்தப் பக்கம் மண்டப மேனேஜரைப் போலப் பேசிக்கொண்டிருந்தீர்களாம். அவளுக்கு முன்கூட்டி எதையும் நினைத்துக்கொள்ள நேரமில்லை. வாளியோடு விழுந்தாள். உங்கள் தாயாரை நான் குறை சொல்லவில்லை. சம்பந்தி வீட்டார் பட்டுச்சேலையில் தாளிச்சா கொட்டினால் யாருக்கும் கோபம் வரும். ஆனால், "எந்திரிடி, நடிக்காத, கூடியிருக்க எடத்துல மானத்த வாங்காத" என்று சொன்னதையெல்லாம் அவள் தரையில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை மட்டும் தெரிவிக்கிறேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் நின்றதும் அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் என்னிடம் குறைபட்டுக்கொள்ளவில்லை.

புதன்.

நேற்று எழுத முடியவில்லை. மின்சாரம் இல்லை. ஈ.பி.காரன் வீட்டிலேயே இருட்டா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

ஐந்தாவது. இதுதான் என் கடிதத்தில் மிகவும் நல்ல செய்தி. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்கு வந்த இத்தனை மாதங்களில் ருக்சானா ஒருமுறைகூட விழவில்லை. தூக்கம் வருகிறது, அதற்கு மாத்திரை தந்திருக்கிறார்கள், பகலில் இரண்டு வேளை சிறிது நேரம் படுத்துக்கொள்கிறாள். ஆனால் அந்தக் கால் தளர்ச்சி அறவே இல்லை. போன முறை டாக்டரம்மாவிடம் இதைச் சற்றுப் பெருமையாகவே சொன்னேன். அப்படியானால் அதற்கென்று தனி மாத்திரை இப்போது வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

நான் கண்ட காரணம், இங்குள்ள அமைதி. ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகள் காலையில் போய்விட்டால் எங்கள் தெருவில் சத்தம் கிடையாது. வீட்டில் நானும் அவளும்தான். நான் பேப்பர் படிப்பேன், அவள் தைப்பாள். சாப்பாட்டு நேரத்தில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அவள் கேட்பாள், இருக்கிறது என்று நான் சொல்வேன். டிவியைக்கூட நான் போடுவதில்லை. அவள் மனத்தை அசைக்கக்கூடிய எதுவும் இந்த வீட்டில் இல்லை. அதனால் அவள் நன்றாக இருக்கிறாள்.

ஆறாவது. என் வேண்டுகோள் இதுதான். முடிவைச் சொல்வதற்கு முன் ஒருமுறை கூடலூர் வந்து அவளைப் பாருங்கள். அவளை அழைத்துக்கொள்ளுங்கள். அழைத்துக்கொண்டால், தயவுசெய்து அவளிடம் வேடிக்கை பேசுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்; முடிந்தால் நிறுத்திவிடுங்கள். மற்றவர்களைப் போலப் பேசிக்காட்டுவதை அவள் இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளலாம். என் வீட்டில் இருப்பது போலவே உங்கள் வீட்டிலும் அமைதியாக வைத்திருந்தால், கல்யாண வீட்டில் நடந்தது மறுபடி நடக்காது என்று என்னால் ஏறக்குறைய உறுதி சொல்ல முடியும்.

எனக்காக யோசிக்க வேண்டாம். எனக்கு ரேடியோ இருக்கிறது.

வெள்ளி.

கனி நாளைக் காலை புறப்படுகிறார். கடிதத்தை உறையில் போட்டுவிட்டு ஜும்ஆவுக்குப் போனேன். திரும்பி வந்து மறுபடி வெளியே எடுத்திருக்கிறேன்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து என் குரல் கேட்டது. நான் வாசலில் நிற்கிறேன், என் குரல் உள்ளே பேசுகிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒண்ணு, பாத்திரத்தக் கழுவணும். கழுவியாச்சான்னு சரிபாக்கணும். ரெண்டு, இந்த அடுப்பு நம்ம அடுப்புதானான்னு உறுதி பண்ணிக்கிறணும். மூணு, டீத்தூள்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறது நல்லது" என்று போய்க்கொண்டே இருந்தது.

உள்ளே போனேன். தேங்காய் பாதி துருவியபடி இருந்தது. ருக்சானா சுவரோரம் விழுந்து கிடந்தாள். தலை அரிசி மூட்டைமேல் சாய்ந்திருந்தது. கையருகே போன். அதில் நீங்கள், பழைய வீடியோவில், என்னைப் போலவே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு டீ போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அவளருகே ஓடிப்போய்க் குனிந்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் தளர்ந்து கோணியிருந்தது. கண் மட்டும் திறந்து, என்னைப் பார்த்து, நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தது. கேட்கும் என்று தெரியுமாதலால், பயப்படாதேம்மா, நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். போனை நிறுத்தத் தெரியவில்லை. நீங்கள் ஏழாவது கூறுவரை போனீர்கள்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கழுத்து நேராக நின்றது. "கோவிச்சுக்கிறாதீக அத்தா. அந்த மனுசன் பேசுறதக் கேட்டா யாருக்குத்தான் காலு நிக்கும்" என்றாள். எனக்குக் கோபமில்லை. எண்ணைச் சொல்லும் முன் நான் தொண்டையைச் செருமுவேன் என்பதே இன்றுதான் எனக்குத் தெரியும். நீங்கள் என்னை இவ்வளவு கவனித்திருக்கிறீர்கள் என்பதும்.

இங்கே வந்து இதற்கு முன்னும் விழுந்திருக்கிறாயா, என்னிடம் மறைத்தாயா என்று கேட்டேன். "இல்லத்தா. விழுற மாதிரி இங்கன என்ன இருக்கு" என்றாள். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். எழுந்து மீதித் தேங்காயைத் துருவினாள். இன்று மதியம் உப்பு சரியாக இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. நானாகவே, நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். மேற்கொண்டு ஏதாவது பேசலாம் என்று யோசித்தேன். வரவில்லை.

எனவே ஆறாவது கூறில் கேட்டுக்கொண்டதில் வேடிக்கை பேச வேண்டாம் என்ற பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தத் தனி மாத்திரைக்கு நாங்கள் மதுரை போய் வருகிறோம். கல்யாண வீட்டு வேலை போன்றவற்றை அவளுக்குக் கொடுக்காமல் இருக்கலாம். வாளியை வேறு யாராவது தூக்கட்டும். அவள் உங்களோடு வருவாளா என்று நான் கேட்கவில்லை. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும், நேரில். போனில் வேண்டாம், என்னைப் போல மழையைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுவீர்கள்.

அல்லாஹ் உங்கள் பயணத்தை லேசாக்கித் தரட்டும். வேலையில் பரக்கத்தும், தாயாருக்கு நல்ல சுகமும் தரட்டும். நீங்கள் இந்த வாசலில் நின்று வாயைத் திறந்தால் என் மகள் விழுவாள் என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன். பக்கத்தில் நின்று பேசுங்கள், கைக்கெட்டுகிற தூரத்தில். வாருங்கள் மாப்பிள்ளை.

ஐந்தாவது கூறில் நான் எழுதியது தவறு. அவள் இங்கே தேறிவரவில்லை. இத்தனை மாதங்களாக அவள் சிரிக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாமா
ஷரீப்